நாற்பதாயிரம் அழுத்தல்கள்

அறிக்கையில் இருந்த அந்த ஒரு வாக்கியத்தை அவள் நான்கு முறை படித்தாள். "பணியிலிருந்த செவிலியர் எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டு அவ்விடத்தை விட்டு அகன்றார்." நான்காவது முறை படித்தபோது காதுமடல் வரை சூடேறியிருந்தது. அகன்றாராம். என்னவோ பூங்காவில் காற்று வாங்கிவிட்டு எழுந்து போனவரைப் போல.

அந்தச் செவிலியர் அவளுடைய அண்ணி. ஆறு வருடமாக ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்கு முறை வைத்துக்கொண்டு, ஒருத்தி சீப்பை இன்னொருத்தி தேடிக்கொண்டு வாழ்பவர்கள். அந்த எச்சரிக்கை ஒலி வந்ததாகச் சொல்லப்படும் மருந்துப் பம்ப், அவள் வேலை பார்க்கும் கம்பெனி செய்தது. பம்புக்குள் ஓடும் மென்பொருளின் அடித்தளம், அதாவது கெர்னல், அவள் பொறுப்பு. பல வேலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பூட்டுப் போட்டுக் காப்பதுதான் அவளுக்குப் பெரும்பாலும் வேலை என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூட்டுக்காரி.

நடந்தது இவ்வளவுதான். போன செவ்வாய் மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். ஆறாம் வார்டில் மூன்றாம் படுக்கையில் இருந்த முதிய தச்சருக்கு, ரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் தாங்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. புட்டி இன்னும் சற்று நேரத்தில் தீரப்போகிறது என்று பம்ப் கூவியது. அண்ணி போய் ஒலியை நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டுப் புதுப் புட்டி எடுக்கத் திரும்பினாள். வழியில் ஐந்தாம் படுக்கைக்காரர் வாந்தி புரையேறி நீலம் பாரித்துக் கிடந்தார். அவரைப் புரட்டி, தொண்டையைச் சுத்தம் செய்து, மூச்சைத் திருப்பிக் கொண்டுவரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. ஒன்பது படுக்கைக்கு அவள் ஒருத்திதான். அந்தப் பதினொரு நிமிடமும் மூன்றாம் படுக்கையின் பம்ப் பச்சை எழுத்தில் 'ஓடுகிறது' என்று காட்டிக்கொண்டே, ஒரு சொட்டும் ஏற்றாமல், சத்தமும் போடாமல் நின்றிருந்தது. கடைசியில் பக்கத்தில் இருந்த ரத்த அழுத்தக் கருவிதான் அலறியது. தச்சர் பிழைத்தார். அண்ணியை அன்று இரவே சஸ்பெண்ட் செய்தார்கள். வியாழக்கிழமை விசாரணை. அதில் கம்பெனியின் அறிக்கையைத்தான் சாட்சியாக வைக்கப்போகிறார்கள். அது அப்படியே ஏற்கப்பட்டால் வேலை மட்டுமல்ல, நர்ஸ் என்ற பதிவே போய்விடும். பதினான்கு வருட உழைப்பு, ஒரு வாக்கியத்தில்.

இன்று திங்கள்.

இதில் அவளுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. அது தன்மேலேயே. சம்பவம் நடந்த மறுநாள் மாலை, அண்ணி சமையலறையில் நின்று, "நான் அமுக்கினது தீரப்போற சத்தத்தைத்தான். வேற எந்த அலாரமும் வரவே இல்ல," என்றபோது, இவள் அலுவலகத்தில் பார்த்துவிட்டு வந்த பெரிய மனுஷி மாதிரி, "ரெக்கார்டுல கடைசியா இருக்கறது உங்க பட்டன்தான் அண்ணி. மெஷின் பொய் சொல்லாது," என்றுவிட்டாள். அண்ணி கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அதிலிருந்து ஐந்து நாளாக அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் எல்லாச் செய்தியும் அண்ணன் வழியாகத்தான் போய்வந்தது. தண்ணீர் வேண்டும் என்றாலும் அப்படித்தான். "நான் என்ன புருஷனா, இல்ல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இழுத்துவிட்ட கேபிளா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. அவனே கொஞ்சம் சிரித்துவிட்டுச் சாப்பிட்டான்.

மெஷின் பொய் சொல்லாதுதான். ஆனால் பாதியில் வாயடைத்துப்போகலாம் அல்லவா. அது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தும்போதுதான் உறைத்தது. கடைசியாகப் பதிவானது அண்ணியின் பட்டன் என்றால், அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு எதையும் எழுத முடியவில்லை என்றும் இருக்கலாம்.

திங்கள் முழுக்க அவள் இருக்கையை விட்டு எழவில்லை. எச்சரிக்கைகளைக் கையாளும் பகுதியை வரி வரியாகப் படித்தாள். மதியம் மூன்று மணிக்கு அது கண்ணில் பட்டது.

பம்புக்குள் ஒரே சில்லில் இரண்டு மூளைகள். அவள் மனசுக்குள் அவர்களை இரண்டு வேலையாட்கள் என்றுதான் நினைப்பாள். எச்சரிக்கைகளை எழுதிவைக்க இருவருக்கும் பொதுவாக ஒரே நோட்டு. இருவரும் ஒரே சமயத்தில் கிறுக்கிவிடக்கூடாது என்பதால் நோட்டு இருக்கும் அறைக்கு ஒரே சாவி. சாவி ஒருவனிடம் இருந்தால் மற்றவன் வாசலில் நின்று, வேறு எதுவும் செய்யாமல், கிடைச்சாச்சா கிடைச்சாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். இதுவரை சரி. இதற்கு மேல் இன்டரப்ட் என்று ஒன்று உண்டு. குழாயில் காற்றுக் குமிழ் தெரிந்தாலோ குழாயை மூடும் சின்னக் கதவு அசைந்தாலோ சென்சார் கூப்பிடும். கூப்பிட்டால் வேலையாள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடவேண்டும். ஓடிப்போன வேலையை முடித்தால்தான் பழைய வேலைக்குத் திரும்பலாம். இது விதி.

முதல் வேலையாள் சாவியை எடுத்து உள்ளே போய், 'நர்ஸ் ஒலியை நிறுத்தினார்' என்று எழுதுகிறான். எழுதி முடித்துச் சாவியைத் திருப்பித் தருவதற்குள், அந்த மயிரிழை நேரத்தில், சென்சார் கூப்பிடுகிறது. போட்டது போட்டபடி ஓடுகிறான். குமிழ் என்று எழுதவேண்டும், நோட்டைத் தேடுகிறான். அறை பூட்டியிருக்கிறது. சரி, சாவி வைத்திருப்பவன் வரட்டும் என்று நிற்கிறான். சாவி வைத்திருப்பவன் அவனேதான். சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே, தனக்காகத் தானே காத்திருக்கிறான். யுகம் முடியும்வரை நிற்பான்; மருந்து ஏற்றுவதும் அவன் வேலைதான் என்பதால் அதுவும் நிற்கும்.

இப்படி ஆகாமலிருக்கச் செய்யவேண்டியது மிகச் சின்ன விஷயம். சாவியை எடுப்பதற்கு முன்னால், சென்சார் கூப்பிடுவது கேட்காதபடி காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுத்த பிறகு காதைத் திறக்கவேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிற பாடம். மென்பொருளின் கோடில் மற்ற பதினேழு இடங்களில் சரியாக இருந்தது. ஒலியை நிறுத்தும் இந்த ஒரு இடத்தில் மட்டும், காதைப் பொத்தாமல் சாவியை எடுத்திருந்தார்கள்.

இதில் இன்னொரு அழகும் இருந்தது. பம்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு காவல் கடிகாரம் உண்டு. நொடிக்கு ஒருமுறை யாராவது அதைத் தட்டவேண்டும். தட்டாவிட்டால் பம்பை அதுவே நிறுத்தி, மணியடித்து, மறுபடி கிளப்பிவிடும். தட்டும் வேலையை யாரோ புண்ணியவான் இரண்டாவது வேலையாளிடம் கொடுத்திருந்தார். அவனுக்கு அந்த நேரத்தில் சாவி தேவைப்படாததால் அவன் காது திறந்தே இருக்கும். நொடி மணி அடித்ததும் சமர்த்தாகத் தட்டிவிடுவான். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டு இந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிக்கொள்கிற மாதிரி.

பிறகு அவள் அந்தப் பகுதியின் வரலாற்றை எடுத்துப் பார்த்தாள். எந்த வரியை யார், எப்போது எழுதினார், யார் எடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால், சாவியை எடுக்கும் இடத்துக்குச் சரியாக மேலே ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. ஒன்றுமில்லை, 'பட்டன் வந்தது' என்று வெளியே அச்சிட்டுக் காட்டும் சாதாரண வரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: இதைத் தொடாதே. ஏன் என்று இல்லை. எழுதியவர், அலுவலகத்தில் எல்லாரும் சித்தப்பா என்று கூப்பிடுபவர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வேண்டாத வரிகளைக் களையும் குப்பை கூட்டும் வேலையில் அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர்.

அவளுக்கு நினைவிருந்தது. காரணம் சொல்லாமல் தொடாதே என்று எழுதுபவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவிடம் கேட்டாள். அவர், "அதெல்லாம் பழைய கதைம்மா," என்று சிரித்தார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டாள். அந்த அச்சு வரி தன் வேலை முடியும்வரை காதைப் பொத்திக்கொள்ளும் சுபாவம் உள்ளது. ஐந்து மில்லி நொடி பிடிக்கும். அதற்குள் எந்தச் சென்சார் கூப்பிட்டிருந்தாலும் வரி முடிந்ததும் அந்தக் கூப்பாடு கவனிக்கப்பட்டுவிடும், சாவியை எடுப்பதற்கு முன்பாகவே. ஆக, நாலு வருடத்துக்கும் மேலாக ஒரு கட்டடத்தையே தாங்கி நின்றது அந்த வெட்டி வரி. ஓட்டையை அடைக்காமல் அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷர். அவள் நாற்காலியை நகர்த்திவிட்டாள்.

சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. கம்பெனியில் முதல் ஆளாகச் சேர்ந்தவர், எல்லாருடைய பிறந்தநாளும் ஞாபகம் வைத்திருப்பவர், கோபமே வராதவர். அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அந்த வரி எதற்கென்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டாள். அவர் மறுக்கவே இல்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

"பம்ப் அப்பப்ப உறைஞ்சுபோய்த் தொங்கிட்டே இருந்துச்சும்மா. எங்கன்னு பாக்கறதுக்காக அந்த வரியைப் போட்டேன். போட்டதும் தொங்கறது நின்னுடுச்சு. மறுநாள் சரக்கு கிளம்பணும். விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அஞ்சு வருஷம் ஓடுச்சில்ல."

மறுபடி அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்து அடுத்த பதிப்பில் அனுப்பிவிடலாம் என்றார். விசாரணையில் இதையெல்லாம் கொண்டுபோய் அவிழ்க்கவேண்டாம். நர்ஸுக்கு என்ன, வேறு மருத்துவமனையில் தான் சொல்லிவைப்பதாகவும் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அக்கறையாக, "எடுத்தது யாருன்னு கேட்டா அங்க உன் பேர்தான் இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தன் நல்லதுக்காக யாராவது ஏதாவது சொல்லும்போதெல்லாம் அடுத்தவர் கழுத்தில் கத்தி இருப்பதை இதற்கு முன்னாலும் அவள் கவனித்திருக்கிறாள்.

மேலாளர் இன்னும் சுலபமாகக் கை கழுவினார். கோடில் ஓட்டை இருக்கலாம், எல்லாக் கோடிலும் இருக்கும். ஆனால் அன்று அதுதான் நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். சோதனைக்கூடத்தில் இதே பதிப்பை வைத்து அந்தப் பட்டனை நாற்பதாயிரம் முறை அழுத்தியிருக்கிறோம், ஒருமுறைகூடத் தொங்கவில்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தொங்க வெச்சுக் காட்டு, அறிக்கையை மாத்தறேன். இல்லன்னா உங்க அண்ணிக்காகப் பேசறன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க," என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் கருணை இருந்தது. இந்த அலுவலகத்தில் எல்லாரும் கருணையோடுதான் கொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய் காலை சோதனைக்கூடத்துக்குப் போனாள். அங்கே இருப்பவன் அவள் வயதுக்காரன், ஆமை என்று பெயர். எதையும் அவசரப்படாமல், விடாமல் செய்பவன். பன்னிரண்டு பம்புகள் இரும்பு அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் கேபிள்கள். ஆமையின் கணினியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் வந்தது என்ற செய்தியைக் கணினி கேபிள் வழியாக அனுப்பும்; பம்ப் நம்பிவிடும். அந்த நாற்பதாயிரமும் அப்படித்தான்.

அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தப் பட்டனைக் கையால கடைசியா எப்ப அமுக்கின?"

"பம்ப் வந்த அன்னிக்கு," என்றான் ஆமை. "மெத்து மெத்துன்னு இருந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தேன். அப்புறம் அதுக்கென்ன வேலை, அதான் கேபிள் இருக்கே."

விரலே இல்லாத நாற்பதாயிரம் அழுத்தல்கள். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, கோபத்தின் அடியில் வருகிற வறட்டுச் சிரிப்பு. அன்று முழுக்க அவளும் ஆமையும் முறை வைத்து ஆட்காட்டி விரலால் அழுத்தினார்கள். முந்நூறு, நானூறு, எழுநூறு. குழாயில் வண்ணத் தண்ணீர் சமர்த்தாக ஓடியது. ஒன்றும் தொங்கவில்லை. விரல்நுனி சிவந்துபோனதுதான் மிச்சம். ஐந்து மணிக்கு மேலாளர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்காமலே போனார். அந்தக் கேட்காமை அறைந்த மாதிரி இருந்தது.

புதன் காலை அவள் வாயிலில் கையெழுத்துப் போட்டு ஒரு பம்பை வீட்டுக்கு எடுத்துவந்தாள். மருத்துவமனை அறையில் ஏதோ ஒன்று இருக்கிறது, சோதனைக்கூடத்தில் அது இல்லை. என்னவென்று தெரிந்த ஒரே ஆள் வீட்டில்தான் இருந்தாள்.

அண்ணி கூடத்தில் சீருடைகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டு போக இடமில்லாத சீருடைகள், ஐந்து. இஸ்திரிப் பெட்டியை ஏதோ தீராத பகை மாதிரி அழுத்திக்கொண்டிருந்தாள். பம்பைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அந்தச் சனியனை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டுவந்த?"

ஏழு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. அவள் பம்பை மேஜைமேல் வைத்து, குழாயை மாட்டி, ஒரு புட்டித் தண்ணீரைத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: சாவி, காது, அந்த வரி. அதை எடுத்தது தான் என்பதையும் சொன்னாள்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்போ அன்னிக்கு மெஷின் பொய் சொல்லாதுன்ன."

"சொன்னேன்."

"பதினாலு வருஷமா மனுஷங்களைப் பாக்கறவ சொல்றதை நம்பல. ஒரு டப்பா சொல்றதை நம்பின."

"ஆமா அண்ணி."

"என்ன ஆமா? என்கிட்ட ஆமா சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க போய்ச் சொல்லு."

சொன்னால் நம்பமாட்டார்கள், தொங்கவைத்துக் காட்டவேண்டும், ஆனால் தொங்கமாட்டேன் என்கிறது என்றாள். தான் எப்படி அழுத்தினாள் என்று காட்டினாள். ஆட்காட்டி விரலால், கணினி விசையைத் தொடுகிற மாதிரி, நாசூக்காக. அண்ணி அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அருவருப்பே இருந்தது.

"இப்படியா அமுக்குவாங்க? என் கை ரெண்டும் கிளவுஸ்ல இருக்கும், அதுல என்னென்னமோ ஒட்டியிருக்கும். ஒரு கையில ட்ரே. விரலை நீட்டிக்கிட்டு நிக்க நான் என்ன கடையில டிவி வாங்கவா வந்திருக்கேன்?"

வந்தாள். விரல்களை மடக்கி, நடு முட்டியால், போகிற போக்கில், கதவைத் தட்டுகிற மாதிரி பட்டனில் ஓர் இடி இடித்தாள். பம்ப் மேஜையில் லேசாகத் துள்ளியது. குழாயை மூடியிருந்த சின்னக் கதவின் கொக்கி ஒரு கணம் அசைந்து உட்கார்ந்தது. தண்ணீர் ஓடியது. இரண்டாவது இடி. ஓடியது. மூன்றாவது இடியில் சொட்டு நின்றது.

திரையில் பச்சை எழுத்து: ஓடுகிறது. மூலையில் இருந்த கடிகாரம் பதினொன்று நாற்பது, ஆறாவது நொடியில் உறைந்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

அவள் கண் அந்தக் கொக்கியிலேயே இருந்தது. இடித்தால் பட்டனும் அழுந்துகிறது, அதே அதிர்வில் கதவும் அசைகிறது. கதவு அசைந்தால் சென்சார் கூப்பிடும். தற்செயலே இல்லை. சாவியை எடுக்கிற அதே மயிரிழை நேரத்தில் கூப்பிடவைப்பது அந்த முட்டிதான். வேலை செய்கிற கை ஒவ்வொன்றும் இந்தப் பம்பை இப்படித்தான் தொடும். கேபிளில் அந்த அதிர்வை யாராலும் அனுப்பியிருக்க முடியாது.

"இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் அண்ணி, மிகத் தாழ்ந்த குரலில். "நான் ஓடிவந்து பாத்தப்ப இப்படியேதான், பச்சையா, ஒண்ணும் நடக்காத மாதிரி." அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து அழுதாள். ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சீருடையை எடுத்து விரித்தாள்.

அன்று மாலை பூட்டுக்காரி, பம்ப் உறைந்து நிற்பதைப் படம் பிடித்து மேலாளருக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. வீட்டில் எடுத்த படம் செல்லாது. முறையாகச் சோதனைக்கூடத்தில் செய்து, ஆராய்ந்து, இரண்டு வாரத்தில் பார்க்கலாம். அதுவரை கம்பெனி விஷயத்தை வெளியே பேசினால் விளைவுகளுக்கு அவளே பொறுப்பு. அவள் அதைப் படித்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முதல் வரியில் எழுதினாள்: அந்த வரியை நீக்கியது நான். அதை எழுதிய பிறகு மீதி எழுதுவது சுலபமாக இருந்தது.

விசாரணை அறை மருத்துவமனையின் முதல் மாடியில், நீளமான மேஜையும் குளிரூட்டியின் ஓயாத உறுமலுமாக இருந்தது. தலைமை இடத்தில் கண்காணிப்பாளர், களைத்த முகமுள்ள மருத்துவர். ஒருபுறம் மேலாளரும் சித்தப்பாவும். எதிரே தனியாகப் போடப்பட்ட நாற்காலியில் அண்ணி, சீருடையில். சஸ்பெண்ட் ஆனவர்கள் சீருடையில் வரக்கூடாது என்று வாசலில் சொன்னார்களாம். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இவளைப் பார்த்ததும் மேலாளர் எழுந்தார். இவர் எங்கள் சார்பில் வரவில்லை என்றார். நான் அழைத்தேன், என் சாட்சி என்றாள் அண்ணி. கண்காணிப்பாளர் கையை அசைத்தார், நடக்கட்டும் என்று.

பூட்டுக்காரி தாளைக் கொடுத்தாள். பம்பை மேஜைமேல் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டாள். சாவியையும் காதையும் பற்றி நாலு வாக்கியத்தில் சொன்னாள். கண்காணிப்பாளர் இரண்டு முறை நிறுத்திக் கேட்டுப் புரிந்துகொண்டார். சித்தப்பா இடையில் பேசினார். அந்த வரியை எடுக்கவேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தும் எடுத்தது இவர் தவறு என்றார், வருத்தமான குரலில்.

"ஆமா, நான்தான் எடுத்தேன்," என்றாள் அவள். "அதுல எழுதியிருக்கு சார், முதல் வரியே அதுதான். இவர் அஞ்சு வருஷம் முன்னாடி தெரிஞ்சே விட்டது மூணாவது வரி. ரெண்டுல எதுலயும் எங்க அண்ணி இல்ல."

அண்ணியை அழுத்தச் சொன்னார்கள். அவள் எழுந்து வந்து முட்டியால் இடித்தாள். ஓடியது. மறுபடி இடித்தாள். ஓடியது. மேலாளர் உதட்டை மடித்துக்கொண்டார். ஐந்தாவது, ஆறாவது. அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒன்பதாவது இடியில் சொட்டு நின்றது, திரை பச்சையிலேயே நின்றது.

கண்காணிப்பாளர் எழுந்து குனிந்து பார்த்தார். சொட்டு விழும் இடத்தைப் பார்த்தார், 'ஓடுகிறது' என்பதைப் பார்த்தார். உட்கார்ந்து அறிக்கையை எடுத்து அந்த வாக்கியத்தின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். மேலாளர் உடனே பேசத் தொடங்கினார். அடிக்கவேண்டாம், திருத்தலாம், 'அகன்றார்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'கருவியின் செயல்பாட்டில் அரிதான இடையூறு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு' என்று போடலாம் என்றார். அரிதான என்பது வேண்டுமா என்று கண்காணிப்பாளர் கேட்டார். இடையூறு என்பதற்குப் பதில் தாமதம் என்று போடலாமா என்று சித்தப்பா கேட்டார். தாள் மேஜையின் இந்தப்புறமும் அந்தப்புறமும் நகர்ந்தது.

அண்ணி நின்றுகொண்டே கேட்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வருவதை இவள் பார்த்தாள்.

"சார், இந்தக் கட்டடத்துல இதே பம்ப் எத்தனை இருக்கு தெரியுமா?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். சரியாகத் தெரியாது என்றார்.

"அறுபத்திரண்டு. இந்த நேரத்துக்கு நாப்பதாவது ஓடிட்டு இருக்கும். எல்லாப் பசங்களும் முட்டியாலதான் அமுக்குவாங்க, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." அவள் மேஜையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நீங்க உக்காந்து வார்த்தை பொறுக்குங்க."

அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பிறகு இவள் பம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் மேலாளர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. இனி அலுவலகத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட வேலை இருக்காது என்று தோன்றியது. தோன்றியதே தவிர, நின்று யோசிக்க நேரமில்லை.

ஆறாம் வார்டில் அண்ணி அதற்குள் இரண்டாம் படுக்கையில் இருந்தாள். அங்கே நின்ற இளைய நர்ஸிடம், திரையை நம்பாதே, சொட்டைக் கண்ணால் பார், கையால் எண்ணு, கால் மணிக்கு ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள். இவளைப் பார்த்து, "எப்படி அமுக்கினா தொங்காது? சொல்லு இவங்களுக்கு," என்றாள். விரல்நுனியால், மெதுவாக, மற்ற கையால் கதவைப் பிடித்துக்கொண்டு என்று இவள் சொன்னாள். ட்ரேயை எங்கே வைப்பது என்று இளையவள் கேட்டாள். கீழே வை என்றாள் அண்ணி.

நான்காம் படுக்கையில் சொட்டு நின்றிருந்தது. திரை பச்சை. எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணி பம்பைக் கழற்றி எறியாத குறையாகக் கட்டிலில் போட்டுவிட்டு, குழாயில் சொட்டின் வேகத்தை மாற்றும் சக்கரத்தை விரலால் உருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

கண்காணிப்பாளர் மூச்சு வாங்கியபடி வார்டுக்குள் வந்தார், கையில் தாள். "சிஸ்டர், உங்க சஸ்பென்ஷன் ரத்து. இதுல நீங்க ஒரு கையெழுத்து..."

"பதினெட்டு, பத்தொன்பது," என்றாள் அண்ணி, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிச்சத்தை மறைக்காதீங்க சார். நகருங்க."